தொலைநோக்கியை ஆர் பாக்கிறது?

வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்றால் முகம் வடக்கைப் பார்க்கும். வெளிச்சம் குறைந்த ஒரு இடமாய்ப் போய் நின்று, கையை நேரே நீட்டி, விரல்களைப் பொத்திப் பிடியுங்கள். பொத்திய கையின் அடிப்பக்கம் கடலும் வானமும் சேருகிற கோட்டில் இருக்கட்டும். கையின் மேல் விளிம்புக்குக் கிட்ட மங்கலாய் ஒரு வெள்ளி நிற்கும். அதுதான் துருவ நட்சத்திரம். பொத்திய கை ஒன்று ஏறக்குறைய 10 பாகை. எங்கட ஊர் இருப்பது வட அகலக்கோடு 9.8 பாகையில். நிற்கிற இடத்தின் அகலக்கோடு எவ்வளவோ, துருவ நட்சத்திரத்தின் உயரமும் அவ்வளவுதான்.

இதை எங்களுக்குக் காட்டித் தந்தது பள்ளிக்கூடமும் இல்லை, யூரியூப்பும் இல்லை. எங்கட ஒழுங்கையில் இருக்கிற தண்டையல் அப்பு. எண்பது தாண்டிவிட்டார். இந்த ஊரில் கட்டின பாய்க்கப்பல் 'அன்னபூரணி அம்மாள்', பெயர் மாறி 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆகி, எங்கட ஊர்க் கடலோடிகளோடு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1938இல். அப்பு அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆனால் அந்தக் கதையைத் தான் கூடப் போனமாதிரித்தான் சொல்லுவார். இந்த ஊரில் வானம் பார்க்கிறது எண்டால் அது பொழுதுபோக்கில்லை, திரும்பி வீட்டை வாறதுக்கான வழி.

நாங்கள் ஆறு பேர். இந்தக் கட்டுரையையும் ஆறு பேரும் சேர்ந்துதான், இடையிடையே சண்டை பிடித்துத்தான், எழுதுகிறோம். எங்களிடம் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. சரியாய்ச் சொன்னால், ஒரு வாசிகசாலைக்குச் சொந்தமான தொலைநோக்கியை நாங்கள் பாவிக்கிறோம். அதை இனி என்ன செய்வது என்பதில் பெரியாக்களுக்கும் எங்களுக்கும் ஒரு பிணக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

*

2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை, யாழ்ப்பாணத்தின் மேலால் கங்கண சூரிய கிரகணம் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சூரியன் ஒரு வளையல்மாதிரி நின்றது. அதைச் சாட்டாக வைத்து, கனடாவில் இருக்கிற ஒரு சித்தப்பா ஆறு இஞ்சி விட்டமுள்ள கண்ணாடித் தொலைநோக்கி ஒன்று அனுப்பினார். கிரகணத்தண்டு சனம் வரிசையில் நின்று பார்த்தது. படம் எடுத்தார்கள், பேப்பரிலும் வந்தது. மூன்று மாதத்தில் கொரோனா. தொலைநோக்கி அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. திறப்பு ஆரிடம் என்பதே பிறகு மறந்துபோச்சு.

திரும்ப அதை நினைக்க வைத்தது கறண்ட் இல்லாத காலம். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டினார்கள். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, போனுக்குச் சார்ஜ் இல்லை. ஒரு இராத்திரி வாசலில் வந்திருந்து மேலே பார்த்தால் எங்களுக்குத் தெரியாத ஒரு வானம் நிற்கிறது. தெருவிளக்கு எல்லாம் சேர்ந்து இவ்வளவு நாளும் எதை மறைத்து வைத்திருந்தது என்று அண்டைக்குத்தான் விளங்கியது.

அம்மாமாருக்கு அது வேறை. "உள்ளுக்கை வாங்கோ பிள்ளையள், என்னத்தை மேல பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கூப்பிட்டார்கள். 1987 வடமராட்சி ஒப்பரேசன் நேரம் அவர்கள் சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு வானம் எண்டால் பொம்மர், ஹெலி. மேலே பார்க்கிறது எண்டால் பங்கருக்குள் ஓடுறதுக்கு முதல் பார்க்கிற ஒரு பார்வை. ஒரே வானத்தின் கீழ், ஒரே வாசலில், இரண்டு வயதுக்காரருக்கு இரண்டு வானம் இருக்கிறது என்பதை நாங்கள் அதுவரை யோசித்ததில்லை.

அலுமாரியின் பூட்டை உடைத்துத்தான் தொலைநோக்கியை எடுத்தோம். கண்ணாடி முழுக்கப் புள்ளி. உப்புக்காற்றும் ஈரமும் இரண்டு வருசம் உள்ளுக்குள் இருந்து தின்றிருக்கிறது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? யன்னல் கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணியை அடித்து, பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தோம். நல்லாய்ப் பளபளக்குது என்று சந்தோசப்பட்டோம். பிறகு ரோச் லைட் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க வட்டம் வட்டமாய்க் கீறல்.

தொலைநோக்கிக் கண்ணாடியில் பளபளப்பு இருப்பது பின்னுக்கு இல்லை, முன்னுக்கு. கண்ணாடி ஒரு தாங்கி மட்டும்தான். வெளிச்சத்தைத் திருப்புவது அதன்மேல் பூசின அலுமினியம். அந்தப் பூச்சின் தடிப்பு ஏறக்குறைய 100 நனோமீற்றர். எங்கள் கண்ணாடிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழுப் பூச்சும் சேர்த்து ஐந்து மில்லிகிராம் வரும். ஒரு அரிசியின் நிறையில் நாலில் ஒரு பங்கு. அந்த ஐந்து மில்லிகிராமை நம்பித்தான் சனிக்கிரகத்தின் வளையம் எங்கள் கண்ணுக்கு வருகிறது. அதில் ஒரு பங்கை நாங்களே வேட்டித் துணியால் உரஞ்சி எடுத்துவிட்டோம்.

இதில் வாசிகசாலை ஆக்களை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. அவர்கள் பூட்டி வைத்துப் பழுதாக்கினார்கள், நாங்கள் திறந்து பழுதாக்கினோம்.

*

அந்த வருசம் ஜூலை 12ஆம் திகதி இரவு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளிவந்தன. எங்களில் இரண்டு பேர் அப்போது பெற்றோல் வரிசையில் நின்றார்கள். நாட்டில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்து மூன்று நாள். ஆறு பேரின் டேட்டாவையும் சேர்த்துத்தான் ஒரு படத்தை முழுசாய் இறக்க முடிந்தது. கரைனா நெபுலா. தூசி மலையும் அதற்குள்ளே பிறக்கிற வெள்ளிகளும். சாதாரண வெளிச்சத்தில் அந்தத் தூசி ஒரு சுவர். அகச்சிவப்பில் பார்த்தால் அந்தச் சுவரில் யன்னல் திறக்கிறது.

அகச்சிவப்பு என்றால் என்ன என்று அப்போதுதான் தேடினோம். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல் சூரிய வெளிச்சத்தை அரியத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானி வைத்துப் பார்த்திருக்கிறார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்தில், சூடு கூடுதலாய் ஏறியிருக்கிறது. நீங்களும் வீட்டில் பார்க்கலாம். ரிவி ரிமோட்டின் பல்ப்பைப் போன் கமராவுக்குப் பிடித்துப் பொத்தானை அமத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று திரையில் ஊதாவாய் மின்னும். சில போன்களில் முன் கமராவில்தான் தெரியும்.

ஆனால் விண்வெளியில் நிற்கிற ஒன்று எங்களுக்கு எட்டாது. தரையில், எங்களுக்குக் கிட்ட, ஆராவது அகச்சிவப்பில் வானம் பார்க்கிறார்களா? தேடினபோது ராஜஸ்தானின் அபு மலை வந்தது. ஆரவல்லித் தொடரின் உச்சி குருசிகர். அதற்குப் பக்கத்தில், 1680 மீற்றர் உயரத்தில், அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆய்வுக்கூடம் நடத்துகிற அகச்சிவப்பு வானாய்வகம். 1.2 மீற்றர் கண்ணாடி. 1990களில் இருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. உலகக் கணக்கில் சின்னன். அந்தச் சின்னனை எப்படி முப்பது வருசம் ஓட்டினார்கள் என்று வாசிக்க வாசிக்கத்தான் எங்களுக்குத் தலைக்குள் வெளிச்சம் வந்தது.

முதலில் பிரச்சினையைச் சொல்ல வேண்டும். சூடுள்ள எல்லாம் அகச்சிவப்பை வீசும். நீங்கள், நாங்கள், தொலைநோக்கியின் குழாய், கண்ணாடி, கூரை, காற்று எல்லாமே. அறை வெப்பநிலையில் இருக்கிற ஒரு பொருள் கூடுதலாய் வீசுவது 10 மைக்ரோன் அலைநீளத்துக்குக் கிட்ட. அந்த அலைநீளத்தில் வானம் பார்ப்பது, ரோச் லைட்டை உங்கட கண்ணுக்கே அடித்துக்கொண்டு வெள்ளி பார்க்கிறமாதிரி. அபு மலையில் பார்ப்பது ஒன்றிலிருந்து இரண்டரை மைக்ரோனுக்குள். அங்கே இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதனால் படம் பிடிக்கிற உணரியைக் குளிரவைக்க வேண்டும். திரவ நைட்ரஜன், சைபருக்குக் கீழே 196 பாகை. அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். பாத்திரத்தில் குறையக் குறைய ஆராவது ஒருவர் ஊற்ற வேண்டும். வானம் திறந்தாலும் மூடினாலும் ஊற்ற வேண்டும்.

பிறகு வானத்தைக் கழிக்க வேண்டும். இரவு வானமே அகச்சிவப்பில் ஒளிரும். அதுவும் சில நிமிடத்துக்குள் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு வெள்ளியைப் படம் எடுத்து, தொலைநோக்கியைக் கொஞ்சம் அரக்கி இன்னொன்று எடுத்து, திரும்ப அரக்கி இன்னொன்று எடுத்து, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வானத்தை நீக்கி வெள்ளியை மட்டும் மிச்சம் வைப்பார்கள். அம்மம்மா சுளகில் அரிசி புடைக்கிறதும் இதுதான். அரிசியைத் தேடிப் பொறுக்குவதில்லை. அரிசி இல்லாததைத் தட்டி விடுகிறது.

காற்றில் இருக்கிற நீராவியும் எதிரி. அகச்சிவப்பின் பல துண்டுகளை அது விழுங்கிவிடும். அதனால்தான் மலை உச்சி, அதனால்தான் வறண்ட இடம். மழைக்காலத்தில் அபு மலையில் வானாய்வகத்தை மூடிவிடுவார்கள். கடலில் இருந்து நூறு யார் தூரத்தில், கையில் வைத்த உப்பே நனைகிற ஊரில் இருக்கிற எங்களுக்கு அகச்சிவப்பு வானாய்வகம் கனவில்கூட வராது. அது தெரிந்துதான் வாசித்தோம்.

*

எங்களை இழுத்தது வேறொன்று. அவர்கள் அதை மேம்படுத்தின விதம்.

அந்த ஆய்வுக்கூடத்து வானியலாளர்கள் தொடக்க காலத்தில் பாவித்த அகச்சிவப்பு உணரிக்கு ஒரே ஒரு புள்ளிதான். படம் வராது. எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று ஒரு எண் மட்டும் வரும். உங்கட போன் கமராவில் கோடிக்கணக்கான புள்ளி. அவர்களிடம் ஒன்று. அந்த ஒன்றை வைத்து என்ன செய்யலாம்? சந்திரன் ஒரு வெள்ளியை மறைக்கிற நேரம் பார்த்துக் காத்திருந்தார்கள். சந்திரனின் விளிம்பு வந்து மூடும்போது வெள்ளி பல்ப் அணைகிறமாதிரிப் பட்டென்று அணைவதில்லை. மில்லிசெக்கன் கணக்கில் அலை அலையாய் நடுங்கி அணையும். அந்த நடுக்கத்தை அளந்தால் வெள்ளியின் பருமனைக் கணக்கிடலாம், அதைச் சுற்றியிருக்கும் தூசிக் கூட்டையும் அறியலாம். எவ்வளவு பெரிய தொலைநோக்கியாலும் நேரே பார்த்து அளக்கக் கஸ்டமான ஒன்றை, ஒரு புள்ளியையும் சந்திரனையும் வைத்து எடுத்திருக்கிறார்கள்.

பிறகு 256க்கு 256 புள்ளியுள்ள உணரி வந்தது. மொத்தம் 65,536. அதோடு புதுவெள்ளிகளைப் பின்தொடர்ந்தார்கள். 2006 பெப்ரவரியில் ஆர்.எஸ். ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரம் வெடித்தபோது, அபு மலையில் இருந்து இராத்திரி இராத்திரியாய் அகச்சிவப்பு நிறமாலை எடுத்தார்கள். வெடிப்பின் அதிர்ச்சி அலை பக்கத்து இராட்சத வெள்ளியின் காற்றில் மோதி வேகம் குறைவதை அதில் கண்டார்கள். அப்படிப்பட்ட வேலைக்குப் பெரிய தொலைநோக்கி உதவாது. பெரிய தொலைநோக்கியில் உங்களுக்கு ஒரு இரவோ இரண்டு இரவோதான் கிடைக்கும். உங்கட சொந்தத் தொலைநோக்கி, அது சின்னனாய் இருந்தாலும், கூப்பிட்ட நேரம் வரும்.

அதற்குப் பிறகு 1024க்கு 1024 புள்ளி. பதினாறு மடங்கு. அதே கட்டடம், அதே 1.2 மீற்றர் கண்ணாடி. அதே கண்ணாடிக்குப் பின்னால் கட்புல ஒளிக்கென்று 'பராஸ்' என்ற நிறமாலைமானியையும் வைத்தார்கள். அதை வைத்திருக்கிற அறையின் வெப்பநிலை ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு அளவுக்குள் மாறாமல் இருக்க வேண்டும். அதைக் கொண்டு 2018இல், 600 ஒளியாண்டு தூரத்தில், தன் சூரியனை 19.5 நாளில் சுற்றுகிற ஒரு கோளை உறுதிப்படுத்தினார்கள். ஏறக்குறைய 27 பூமியின் நிறை. கால் நூற்றாண்டுக்கு மேல் பழைய கண்ணாடி அது.

கடைசியில், 2022இல், அதே மலையில் 2.5 மீற்றர்த் தொலைநோக்கி திறந்தார்கள். பெல்ஜியத்தில் செய்தது. கண்ணாடியின் பரப்பு நாலு மடங்குக்குச் சற்றுக் கூட. முதலில் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறதை மாற்றினார்கள். அதை ஓட்டத் தெரிந்த ஆக்கள் உருவானார்கள். அந்த ஆக்கள் போதாது என்று சொன்ன பிறகுதான் கண்ணை மாற்றினார்கள். நாங்கள் படித்த பாடம் இந்த வரிசைதான்.

அதே 2022இல் இன்னொரு அகச்சிவப்பு வானாய்வகம் மூடப்பட்டது. சோபியா. நாசாவும் ஜேர்மனியும் சேர்ந்து, ஒரு போயிங் 747 விமானத்தின் பக்கத்தில் கதவு வெட்டி, 2.7 மீற்றர்த் தொலைநோக்கியை உள்ளே வைத்துப் பறக்கவிட்டார்கள். நீராவிக்கு மேலால் பறந்து பார்க்க. நல்ல கருவி. சந்திரனில் வெயில் படுகிற இடத்திலும் நீர் இருக்கிறதைக் கண்டுபிடித்தது அதுதான். ஆனால் ஓட்டுகிற செலவு ஆண்டுக்கு எட்டுக் கோடி டொலருக்கு மேல். அந்தச் செலவுக்கு ஏற்ற விளைச்சல் இல்லை என்று செப்ரெம்பரில் நிறுத்தினார்கள். விமானம் இப்போது அரிசோனாவில் ஒரு நூதனசாலையில் நிற்கிறது. வாங்குகிறதுக்குக் காசு இருந்தது. ஓட்டுகிறதுக்குத்தான் கேள்வி வந்தது. நாசாவுக்கே அப்படி என்றால் எங்கட வாசிகசாலை எந்த மூலைக்கு?

*

இடையில் ஹன்லே பற்றிச் சொல்ல வேண்டும். லடாக்கில், 4500 மீற்றர் உயரத்தில், இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் 2 மீற்றர்த் தொலைநோக்கி இருக்கிறது. சந்திரசேகரின் பெயர் வைத்தது. 2000ஆம் ஆண்டு செப்ரெம்பரில் முதல் வெளிச்சம் கண்டது. வானியலாளர்கள் பெங்களூருக்குக் கிட்ட ஹொசக்கோட்டையில் இருந்துகொண்டு செய்மதித் தொடர்பால் அதை இயக்குகிறார்கள். 2013இல் அதற்கும் ஒரு புது அகச்சிவப்பு நிறமாலைமானி பூட்டினார்கள்.

தூரத்தில் இருந்து இயக்கலாம், சரி. ஆனால் பனியைத் தட்டுவது ஆர்? மின்கலத்தைப் பார்ப்பது ஆர்? அதற்கு அந்த மண்ணின் ஆக்கள் வேண்டும். அங்கே பொறுப்பாய் இருக்கிற பொறியியலாளர் டோர்ஜே ஆங்சுக் லடாக்காரர். அவர் எடுத்த இரவு வானப் படங்களை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். 2022 டிசம்பரில் அந்தப் பகுதியை இருண்ட வானக் காப்பகமாய் அறிவித்தார்கள். சுற்றியிருக்கிற குடியிருப்புகளில் இருந்து 24 பேருக்குப் பயிற்சியும் ஆளுக்கொரு தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது அவர்களுக்கு ஒரு வருமானம். ஊர் ஆக்களே இரவில் விளக்கைத் திரையால் மறைக்கிறார்கள். வானம் அவர்களுக்குச் சோறு போடுகிறது, அவர்கள் வானத்தைக் காவல் காக்கிறார்கள். துருவ நட்சத்திரம் அங்கே மூன்று பொத்திய கைக்கு மேல் உயரத்தில் நிற்கும்.

எங்கட பக்கத்திலும் வானியல் இருந்ததுதான். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் இருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு வானியல் படிப்பித்தது. அங்கே படிப்பித்த ஹொய்சிங்ரன் 1848இல் யாழ்ப்பாணத்திலேயே வானியல் புத்தகம் அச்சிட்டார். 1855இல் செமினரியை மூடினார்கள். கட்டடம் நிற்கிறது. தொடர்ச்சிதான் அறுந்தது.

*

இனி எங்கட கதை. இதையெல்லாம் வாசித்த பிறகு நாங்கள் ஒரு புதுச்சாமானும் வாங்கவில்லை. ஒரு கொப்பி வாங்கினோம்.

தண்டையல் அப்பு சொன்னதுதான். "கப்பல் ஓடினாலும் எழுதோணும், காத்து விழுந்து நிண்டாலும் எழுதோணும். நிண்டதை எழுதாட்டி, ஓடினதை ஆர் நம்புறது?" அவருடைய காலத்துக் கப்பலில் செக்ஸ்ரன் இருந்த பெட்டியை அதைப் பாவிக்கிறவர் மட்டும்தான் திறக்கலாமாம். பாவிக்கிறவர்தான் துடைக்கவும் வேணுமாம். அதை எங்கட முதல் சட்டமாய் வைத்தோம்.

கொப்பியில் திகதி, நேரம், காற்று, ஈரம், ஆர் வந்தது, என்ன பார்த்தது, என்ன பழுது. முகில் என்றால் 'முகில்' என்று ஒரு சொல். எங்களில் ஒருத்திக்குக் கையெழுத்து அச்சுமாதிரி, அவள்தான் கூடுதலாய் எழுதினாள். இரண்டரை வருசத்தில் மூன்று கொப்பி முடிந்துவிட்டது. வாடைக்காற்றுக் காலம் முழுக்க ஒரே முகில், சோளகத்தில் ஒரே தூசி. ஒரு தைமாதத்து இராத்திரி 'செவ்வாய் அசைகிறது' என்று எழுதி, பிறகு கோடு கீறி வெட்டியிருக்கிறது. அது கடற்கரையில் ஆரோ லைட் பூட்டி ஏத்தின பட்டம். விண் கூவின பிறகுதான் விளங்கியது.

கண்ணாடியைக் கழுவப் பழகினோம். முதலில் தண்ணீரை மேலால் ஓடவிட வேண்டும். பிறகு வடித்த நீரில் ஒரு துளி சவர்க்காரம். பஞ்சை அதன் சொந்தப் பாரத்திலேயே இழுக்க வேண்டும், விரலால் அழுத்தக் கூடாது. ஒருமுறை இழுத்த பஞ்சைத் திரும்பப் பாவிக்கக் கூடாது. கடைசியில் திரும்பவும் வடித்த நீர், சரித்து வைத்துக் காயவிடுகிறது. வருசத்துக்கு ஒருக்கால் போதும். புள்ளியும் கீறலும் படத்தில் தெரியாது, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பெரிய வானாய்வகங்களில் கண்ணாடிக்குக் காபனீரொட்சைட்டுப் பனியை ஊதித் தூசி எடுக்கிறார்கள். சில வருசத்துக்கு ஒருக்கால் பழைய அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவிட்டு, காற்றில்லாத தொட்டிக்குள் வைத்துப் புதிதாய்ப் பூசுகிறார்கள். 2.5 மீற்றர்க் கண்ணாடிக்கும் கணக்குப் போட்டோம். ஏறக்குறைய 1.3 கிராம் அலுமினியம்.

ஈரத்துக்கு என்ன செய்தோம் தெரியுமா? அலுமாரிக்குள் ஒரு 15 வாற்ஸ் பழைய குண்டு பல்ப். எல்.ஈ.டி. சரிவராது, அதற்குச் சூடு காணாது. குண்டு பல்ப்புக்குள் போகிற மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு வெளிச்சமாய் வருவதில்லை, அகச்சிவப்பாய்த்தான் வரும். அலுமாரிக்குள் காற்று எப்போதும் வெளியை விடக் கொஞ்சம் சூடு, அதனால் ஈரம் கண்ணாடியில் படியாது. அகச்சிவப்பைத் தேடி ராஜஸ்தான் வரை போன எங்களுக்குக் கடைசியில் கிடைத்த அகச்சிவப்பு இதுதான். பார்க்கப் போகிற நாளில் பின்னேரமே பல்ப்பை நிற்பாட்டிக் கண்ணாடியை ஆறவிட வேண்டும். சூடான கண்ணாடிக்கு மேலால் காற்று நெளியும், வியாழன் தண்ணிக்குள் கிடக்கிறமாதிரித் தெரியும்.

இரண்டரை வருசத்தில் நாங்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வியாழனின் நாலு சந்திரனும் இடம் மாறுவதை அறுபத்தொரு இரவு கீறி வைத்திருக்கிறோம். ஒழுங்கைப் பிள்ளைகள் வருகிறார்கள். போன கார்த்திகையில் ஒரு நாள் அம்மாமாரில் இருவர் வந்து சனிக்கிரகம் பார்த்தார்கள். ஒருவர் பார்த்து முடித்து, ஒன்றும் சொல்லாமல், தலையை நிமிர்த்தி வெறுங்கண்ணால் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். அண்டைக்கு எங்களை உள்ளே வரச்சொல்லி ஆரும் கூப்பிடவில்லை.

*

பிணக்கு இதுதான். வெளிநாட்டில் இருக்கிற ஊரவர் சேர்ந்து காசு தர ஆயத்தம். கொம்பியூட்டரால் தானே வெள்ளி தேடிப் பிடிக்கிற பதினொரு இஞ்சித் தொலைநோக்கி, மேல்மாடியில் சுழல்கிற கூரை, வாசலில் பெயர்ப்பலகை. திறப்புவிழாத் திகதி வரை கதைத்துவிட்டார்கள். பழையதை, "அது கீறல் விழுந்ததுதானே", ஒரு மூலையில் வைக்கலாமாம்.

தருகிறவர்களின் மனம் நல்ல மனம். அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. பெரிய கண்ணாடி என்றால் எங்களுக்கும் ஆசைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தில் நாங்கள் கேட்டது ஒரு கேள்விதான்: "அதை ஆர் பாக்கிறது?" ஒரு பெரியப்பா சிரித்துக்கொண்டு, "எல்லாரும்தான் பாக்கிறது, தம்பி" என்றார். நாங்கள் கேட்டது மற்றப் பார்க்கிறது. பிள்ளையைப் பாக்கிறது, தோட்டம் பாக்கிறது என்று சொல்லுகிறோமே, அந்தப் பாக்கிறது.

ஏனென்றால் எங்கள் ஆறு பேரில், கொப்பி எழுதுகிறவள் ஐப்பசியில் பேராதனைக்குப் போகிறாள். இன்னொருவனுக்குக் கனடா விசா வந்துவிட்டது. ஒருவன் கொழும்பில் வேலை தேடுகிறான். அடுத்த வருசம் இதே நேரம் நாங்கள் மூன்று பேர் இருந்தால் பெரிய காரியம். இந்த ஊரில் எல்லாரும் எப்போதும் எங்கேயோ போகத்தான் போகிறார்கள். அது அன்னபூரணி காலத்தில் இருந்தே அப்படித்தான். போகிறவனில் பிழை இல்லை. கப்பலில் ஒருவன் இறங்கினால் அவனுடைய முறைக்கு இன்னொருவன் நிற்பான். அப்படி நிற்க ஆளைப் பழக்காமல் கருவி வாங்கினால், அது இன்னொரு அலுமாரிக்குள்தான் போகும், கொஞ்சம் பெரிய அலுமாரி.

நாங்கள் எழுதிக் கொடுத்தது இது. வருகிற காசில் பாதியை வைப்பில் போடுங்கள். அதன் வட்டியில் பொறுப்பாய் ஒருவருக்கு மாதம் ஒரு கொடுப்பனவு, வடித்த நீர், பஞ்சு, சிலிக்கா ஜெல், குண்டு பல்ப், தெருவிளக்குக்கு மேல்மூடி. ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரை இப்போதே பழக்குவோம். அவர்கள் பழைய ஆறு இஞ்சியில் ஒரு வருசம் விடாமல் கொப்பி எழுதட்டும். அதற்குப் பிறகு பெரியதை வாங்குங்கள். அவர்களே எது வேண்டும் என்று சொல்லுவார்கள். பெயர்ப்பலகையில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. கொப்பிக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

முடிவு இன்னும் வரவில்லை. சில பேர் எங்களோடு கதைப்பதில்லை. வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற அண்ணாமார், அக்காமார், மாமாமார், நீங்கள் அனுப்புகிற காசோடு இந்தக் கேள்வியையும் சேர்த்து அனுப்பினால் எங்களுக்கு அது போதும்.

எட்டுப் பேரில் நாலு பேர் வந்துவிட்டார்கள், ஆரும் முடிவெடுக்க முதலே. போன சனிக்கிழமை நாலாவது கொப்பியை அவள் திறக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் பேனாவைக் கொடுத்தாள். வானம் முழுக்க மூடிக் கிடந்தது. அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்து, "அக்கா, ஒண்டும் தெரியேல்லையே, என்னத்தை எழுதுறது?" என்று கேட்டது.

"திகதியைப் போடு. நேரத்தைப் போடு. முகில் எண்டு எழுது."

எழுதியது. எழுத்துக் கொஞ்சம் கோணல். அமாவாசையை அண்டின சனிக்கிழமைகளில் நாங்கள் அங்கேதான் நிற்போம். வாறவை வரலாம். துணி மட்டும் கொண்டுவர வேண்டாம்.